துரை இடுப்பில் தொங்கிய ரிவால்வர்: வயது என்ன? விலை என்ன?

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அவசரகாலத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். முதலில் முள்கம்பி வேலி வரும். அடுத்து ஊரடங்கு, ரேஷன் அரிசி, பால்வெட்டுக்குப் போகும்போது வேலி வாசலில் நடந்த சோதனை எல்லாம் வரும். அதற்குப் பிறகு கட்டாயம் வருவது துரையின் இடுப்பில் தொங்கிய துப்பாக்கி! "துரை ஆபீசில் சம்பளம் போடும்போது அதை மேசை மேலேயே வைத்திருப்பார்" என்று சொல்லும் தாத்தாமார்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அந்தத் துப்பாக்கி என்ன துப்பாக்கி? எங்கே செய்தது? இன்றைக்கு அப்படி ஒன்று அகப்பட்டால் அதன் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? "பழைய சாமானுக்கு வெளிநாட்டில் லட்சக்கணக்கில் கொடுக்கிறானாமே" என்கிறார்களே, அது மெய்தானா? இந்தக் கேள்விகளுக்குத்தான் இங்கே பதில் சொல்லப் போகிறோம். சுவாரசியமான பகுதி பின்னால் இருக்கிறது. ஆனால் அதற்கு முன் ஒரு மனிதரின் கதையை நீங்கள் கேட்டாக வேண்டும்.

ஒரு ரிவால்வர், ஓர் உயிர்

தஞ்சை மாவட்டத்திலிருந்து மலாயாவுக்கு வந்தவர் எஸ்.ஏ. கணபதி. அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக உயர்ந்தவர். தோட்டத் தொழிலாளிக்கும் துறைமுகத் தொழிலாளிக்கும் கூலி உயர்வு கேட்டுப் போராடியவர். 1948 ஜூனில், அவசரகாலம் பிறந்த அதே மாதத்தில், சம்மேளனம் தடை செய்யப்பட்டது. 1949 மார்ச்சில் ரவாங் பக்கத்திலுள்ள வாட்டர்ஃபால் தோட்டத்தில் கணபதி பிடிபட்டார். அவரிடம் இருந்தது ஒரு ரிவால்வரும் சில தோட்டாக்களும். அதைப் போலீசாரிடம் ஒப்படைக்கத்தான் எடுத்துச் சென்றார் என்று அவர் தரப்பில் சொல்லப்பட்டு வருகிறது. அந்த நாளில் அனுமதியில்லாமல் ஆயுதம் வைத்திருந்தாலே மரண தண்டனை. இந்திய அரசாங்கம் தலையிட்டுப் பார்த்தது. பலிக்கவில்லை. 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

அவருடைய அரசியலைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். நாம் இங்கே பார்க்க வேண்டியது வேறு. ஒருவன் கையில் இருக்கும் துப்பாக்கியைப் பார்த்தால், அவன் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறானா, கொண்டுவந்து சுடப் போகிறானா என்பது அந்த இரும்பில் எழுதியிராது.

அவசரகாலம் 1960 ஜூலை 31ஆம் தேதி முடிந்தது. சட்டத்தின் கடுமை முடியவில்லை. 1960ஆம் ஆண்டு உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், நாடு முழுவதும் பாதுகாப்புப் பகுதியாகவே கருதப்பட்டது. துப்பாக்கி வைத்திருந்தவர்களுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1977இல் பினாங்கில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கே இந்தத் தண்டனை விதிக்கப்பட்டு, உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பெரிய கூக்குரல் எழுந்தது. பின்னர் அவன் உயிர் காப்பாற்றப்பட்டது. அந்தச் சட்டம் 2012இல் நீக்கப்பட்டு விட்டது.

'அப்பாடா!' என்று மூச்சு விட்டு விடாதீர்கள். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும், 1971ஆம் ஆண்டு துப்பாக்கிக் குற்றங்களுக்கான கூடுதல் தண்டனைச் சட்டமும் அப்படியே இருக்கின்றன. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, அதோடு 6க்குக் குறையாத பிரம்படி. சிங்கப்பூரிலோ, 1973ஆம் ஆண்டுச் சட்டப்படி 5 முதல் 10 ஆண்டு வரை சிறையும் 6க்குக் குறையாத பிரம்படியும் உண்டு. அங்கே தோட்டா மட்டும் வைத்திருந்தாலும் இதே கதிதான். "தாத்தா காலத்துச் சாமான், துருப்பிடித்தது, சுடாது" என்று நீங்கள் சொல்லலாம். சுடுமா, சுடாதா என்பதைத் தீர்மானிப்பவர்கள் நிபுணர்கள். அதுவரை நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்பதை யோசித்துக் கொள்ளுங்கள்.

மண்ணுக்குள் எப்படி வந்தது?

"இந்தக் காலத்தில் யார் வீட்டில் துப்பாக்கி கிடைக்கப் போகிறது?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த நாட்டு மண் மூன்று முறை துப்பாக்கியை விழுங்கியிருக்கிறது.

1941 டிசம்பரில் ஜப்பான்காரன் கோத்தாபாருவில் இறங்கினான். 1942 ஜனவரி 7ஆம் தேதி சிலிம் ரிவர் சண்டையில் பிரிட்டிஷ் இந்தியப் படைகள் சிதறி ஓடின. ஓடியவர்கள் ரப்பர்த் தோட்டங்களிலும் காட்டிலும் போட்டுவிட்டுப் போன ஆயுதங்கள் ஏராளம். அது முதல் முறை. யுத்தத்தின் கடைசி ஆண்டுகளில், ஜப்பான்காரனை எதிர்த்துக் காட்டில் இருந்த மலாயா மக்கள் எதிர்ப்பு ஜப்பான் படைக்கு, பிரிட்டிஷாரின் 136ஆம் படைப்பிரிவு விமானத்திலிருந்து ஆயுதம் போட்டது. 1945 டிசம்பரில் அந்தப் படையைக் கலைத்தபோது, ஆயுதத்தை ஒப்படைத்தவர்களுக்குத் தலைக்கு 350 வெள்ளி கொடுத்தார்கள். கொடுத்ததைக் கொடுத்தார்கள். மீதியைக் காட்டில் புதைத்தார்கள். இது இரண்டாம் முறை. மூன்றாவதுதான் அவசரகாலம். 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலுமாக வெள்ளைக்காரத் துரைகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அன்றிலிருந்து துரை துப்பாக்கி இல்லாமல் பங்களாவை விட்டு இறங்கியதில்லை. நம் ஆட்களும் ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களாகச் சேர்ந்து தோட்டத்தைக் காவல் காத்தார்கள்.

அதனால்தான் செம்பனைக் கன்று நடக் குழி வெட்டும்போதும், பழைய லயத்தை இடிக்கும்போதும், வீடமைப்புத் திட்டத்துக்காகத் தோட்டத்தைத் தள்ளும்போதும் இந்த மாதிரிச் சாமான் தலை காட்டக்கூடும்.

அப்படித் தலை காட்டினால் என்ன செய்வது? தொடாதீர்கள். கழுவாதீர்கள். வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். பையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போலீஸ் நிலையத்துக்குக் கிளம்பாதீர்கள். கணபதியின் கதையை இன்னொரு முறை படியுங்கள். கிடந்த இடத்திலேயே விட்டு, பிள்ளைகளை விலக்கி, இரண்டு பேரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு, 999க்குக் கூப்பிட்டுப் போலீசாரை அங்கே வரவழையுங்கள். தோட்டமாக இருந்தால் நிர்வாகத்துக்கும் உடனே சொல்லி விடுங்கள். போலீசார் எடுத்துச் செல்லும்போது புகார் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி வையுங்கள். பழைய இரும்புக் கடைக்காரரிடம் எடை போட்டுக் கொடுத்தால் காரியம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அவரையும் சேர்த்து மாட்டி விட்ட புண்ணியம்தான் மிஞ்சும்! பக்கத்தில் தோட்டாவோ கையெறி குண்டோ கிடந்தால், அது எத்தனை வருஷம் ஆனாலும் வெடிக்கும் சாமான்தான். தட்டிப் பார்ப்பதும், அடுப்பில் போடுவதும், பிள்ளைகள் விளையாட எடுப்பதும் கூடவே கூடாது.

ஆளை அடையாளம் கண்டுபிடிப்பது

இனி கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைப் பார்ப்போம். கோலாலம்பூர்ப் போலீஸ் அருங்காட்சியகத்திலும் போர்ட்டிக்சன் இராணுவ அருங்காட்சியகத்திலும் துப்பாக்கிகளைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அங்கே நின்று கொண்டு இந்தக் கட்டுரையைக் கையில் வைத்துப் பார்த்தால் உங்களுக்கே பாதி விளங்கி விடும்.

முதல் பாடம்: ரிவால்வர் வேறு, பிஸ்டல் வேறு. நடுவில் தேன்கூடு மாதிரி அறைகள் கொண்ட உருளை சுழன்றால் ரிவால்வர். ஒவ்வோர் அறையிலும் ஒரு தோட்டா. பிஸ்டலில் உருளை கிடையாது. தோட்டாக்கள் கைப்பிடிக்குள் அடுக்காக இருக்கும்.

இரண்டாவது பாடம்: ரிவால்வரை எப்படித் திறக்கிறார்கள்? இதுதான் முக்கியம். பிரிட்டிஷ் ரிவால்வர்களை நடுவில் ஒடிப்பார்கள், மூங்கில் குழாயை மடக்குவது போல. குதிரைக்கு முன்னால் இருக்கும் கொக்கியைக் கட்டைவிரலால் தள்ளினால் குழல் கீழே சாயும். உடனே உருளையின் நடுவிலிருந்து நட்சத்திரம் போன்ற ஒரு தகடு எழும்பி, ஆறு வெற்றுத் தோட்டாக்களையும் ஒரே தள்ளாகத் தள்ளி விடும். அமெரிக்க ரிவால்வர்களில் பெரும்பாலானவை ஒடியாது. உருளை மட்டும் கதவு திறப்பது போல இடப்பக்கம் வெளியே வரும். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தாலே, குதிரைக்கு முன்னால் அந்தக் கொக்கி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இருந்தால் அநேகமாக வெப்லி அல்லது என்பீல்டு.

வெப்லி என்பது இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்துக் கம்பெனி. பிரிட்டிஷ் இராணுவம் 1887இல் அதன் முதல் மாதிரியை ஏற்றுக்கொண்டது. இரண்டாம் மாதிரி 1894, மூன்றாவது 1897, நான்காவது 1899, ஐந்தாவது 1913, ஆறாவது 1915. முதல் ஐந்துக்கும் கைப்பிடி கிளிமூக்குப் போல அடியில் வளைந்திருக்கும். ஆறாவதற்குக் கைப்பிடி சதுரமாக, நேராக இருக்கும். குழல் 6 அங்குலம். எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். முதல் உலக யுத்தத்துப் பள்ளங்களில் வெள்ளைக்கார அதிகாரிகள் இடுப்பில் தொங்கியது இதுதான். அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த குண்டு. மனிதனை நிறுத்துவதற்கென்றே செய்த யமன்!

யுத்தம் முடிந்ததும் இராணுவம் யோசித்தது. இவ்வளவு கனமானதை வைத்துக்கொண்டு புதுச் சிப்பாய் குறி பார்க்க முடியவில்லை. ஆகவே சிறிய குண்டு போடும் இலகுவான ரிவால்வர் ஒன்றை அரசாங்கத்தின் என்பீல்டு தொழிற்சாலையே செய்தது. 1932இல் அது இராணுவத்துக்கு வந்தது. பார்த்தால் வெப்லியின் தம்பி மாதிரியே இருக்கும். வெப்லி கம்பெனி இதனால் வழக்குக்கே போனது என்பது தனிக் கதை. 1938இல் வந்த மாதிரியில் குதிரையின் வாலை வெட்டி விட்டார்கள். டாங்கிக்குள் இருக்கும் சிப்பாய் அவசரமாக எடுக்கும்போது அந்த வால் சட்டையிலும் கம்பியிலும் மாட்டிக் கொண்டதுதான் காரணம் என்பார்கள். ஆகவே, ஒடிக்கும் ரிவால்வர், சிறிய உருவம், குதிரைக்கு வால் இல்லை என்றால், அது அநேகமாக என்பீல்டு.

வெப்லி கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. அதே சிறிய குண்டுக்குத் தன் சொந்த மாதிரியைச் செய்து போலீஸ் படைகளுக்கு விற்றது. இதில் நம் பக்கத்துச் செய்தி ஒன்று உண்டு. சிங்கப்பூர்ப் போலீசாருக்காகச் செய்த வெப்லிகளில் பாதுகாப்புத் தாழ்ப்பாள் ஒன்று வைத்திருந்தார்கள். பிஸ்டலுக்குத் தாழ்ப்பாள் சகஜம். ரிவால்வருக்கு அது அபூர்வம். எனவே உலகத்தில் எங்கேயாவது ஒரு வெப்லியில் தாழ்ப்பாள் இருந்தால், பழஞ்சாமான் பிரியர்கள் உடனே 'சிங்கப்பூர்!' என்கிறார்கள். நம் ஊர் பெயர் இப்படியும் பிரசித்தமாகியிருக்கிறது.

ஒடியாத அமெரிக்க ரிவால்வர்களில் இங்கே பேச வேண்டியது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியின் 'விக்டரி' மாதிரி. இரண்டாம் உலக யுத்தத்தில் துப்பாக்கி போதாமல் பிரிட்டன் தவித்தபோது அமெரிக்கா அனுப்பி வைத்தது. நம்பருக்கு முன்னால் 'வி' என்ற எழுத்து இருக்கும். வெற்றி என்று அர்த்தம். பளபளப்பு இல்லாத சாம்பல் பூச்சு. கைப்பிடி அடியில் கயிறு கட்டும் வளையம்.

ஜப்பான்காரன் விட்டுப்போன ரிவால்வருக்கு '26ஆம் மாதிரி' என்று பெயர். அதுவும் ஒடிக்கும் வகைதான். குதிரைக்கு வால் இல்லை. ஆனால் ஜப்பான் அதிகாரிகள் இடுப்பில் அதிகமாகத் தொங்கியது ரிவால்வர் அல்ல, 'நம்பு' என்ற பிஸ்டல். ஒல்லியான குழல், சாய்ந்த கைப்பிடி. ஒருமுறை பார்த்தால் மறக்காது.

வயதை எண்ணுவது எப்படி?

பசுவுக்குப் பல்லைப் பார்க்கிறோம். துப்பாக்கிக்கு முத்திரையைப் பார்க்க வேண்டும்.

வெப்லி ஆறாம் மாதிரிக்கு வயது சொல்வது சுலபம். உருளைக்குக் கீழே வலப்பக்கத்தில் கம்பெனி பெயரோடு ஆண்டையும் அடித்திருப்பார்கள். 1916 என்றால் 1916. என்பீல்டுக்கும் அப்படியே. குதிரைக்குக் கீழே வலப்பக்கம் கிரீடம், 'என்பீல்டு' என்ற பெயர், மாதிரி எண், ஆண்டு எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும்.

ஆனால் எல்லா ஆண்டும் பிறந்த ஆண்டு அல்ல. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் குழலின் மேல் 1906, 1909, 1914 என்று தேதிகள் இருக்கும். 'ஆகா, 1906ஆம் வருஷத்துச் சாமான்!' என்று துள்ளுவார்கள். அவை காப்புரிமை வாங்கிய தேதிகள். துப்பாக்கி பிறந்தது 1943ஆக இருக்கலாம். அங்கே வயதைச் சொல்வது நம்பர்தான். கம்பெனியின் பழைய பதிவேட்டில் எந்த நம்பர் எந்த ஆண்டு அனுப்பப்பட்டது என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஜப்பான் கணக்கு வேறு மாதிரி. அவர்கள் சக்கரவர்த்தி பட்டத்துக்கு வந்த ஆண்டிலிருந்து எண்ணுகிறவர்கள். நம்பு பிஸ்டலில் '16.3' என்று இருந்தால், ஹிரோஹித்தோ சக்கரவர்த்தியின் 16ஆம் ஆண்டு, மூன்றாம் மாதம். அந்த எண்ணோடு 1925ஐக் கூட்டிக் கொள்ளுங்கள். 1941 மார்ச்! ஜப்பான்காரன் கோத்தாபாருவில் இறங்குவதற்கு ஒன்பது மாதம் முந்திச் செய்தது என்று ஆகிறது. '26ஆம் மாதிரி' என்ற பெயரோ அவருடைய தாத்தா மெய்ஜியின் 26ஆம் ஆண்டைக் குறிக்கும். அதாவது 1893. பெயரில் உள்ளது அந்த மாதிரி பிறந்த ஆண்டே தவிர, கையில் இருக்கும் துப்பாக்கியின் ஆண்டல்ல.

பிரிட்டிஷ் துப்பாக்கியில் இன்னும் சில முத்திரைகள் கதை சொல்லும். மேல் நோக்கிய அகலமான அம்பு ஒன்று இருந்தால் அரசாங்கச் சொத்து. இரண்டு அம்புகள் நுனியோடு நுனி முட்டிக் கொண்டிருந்தால், அரசாங்கம் 'எனக்கு வேண்டாம்' என்று விற்றுவிட்டது என்று பொருள். தனியாருக்கு விற்பதற்கு முன் அதிக மருந்து வைத்துச் சுட்டு, வெடிக்கிறதா என்று சோதிக்கும் சோதனைச் சாலைகள் லண்டனிலும் பர்மிங்ஹாமிலும் உண்டு. பர்மிங்ஹாமில் 1813ஆம் ஆண்டுச் சட்டப்படி நிறுவப்பட்டது. அவற்றின் கிரீட முத்திரைகளை வைத்தும் காலத்தை நெருங்கலாம்.

போலிகளும் உண்டு. பாகிஸ்தானின் வடமேற்கு எல்லையில், கைபர் கணவாய்ப் பக்கத்துக் கொல்லர்கள் வெப்லியைப் பார்த்து அச்சாகச் செய்து விடுவார்கள். ஆங்கிலம் தெரியாததால் எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பிப் போட்டு மாட்டிக் கொள்வார்கள்!

விலை என்று ஒன்று உண்டா?

உண்டு, வெளிநாட்டில். அதுவும் அங்கே சட்டப்படி வைத்திருப்பவனுக்கு.

அமெரிக்காவில் சாதாரண வெப்லி ஆறாம் மாதிரி ஒன்றின் விலை அதன் நிலையைப் பொறுத்துச் சில நூறு அமெரிக்க வெள்ளியிலிருந்து ஆயிரத்தைத் தாண்டும். அவ்வளவுதான். கோடி இல்லை, லட்சமும் இல்லை. லட்சக்கணக்கில் செய்தார்கள் அல்லவா? மலிந்தது சந்தையில் விலை போகாது.

விலையைக் கூட்டுவதும் குறைப்பதும் என்ன? முதலாவது, தொழிற்சாலையில் பூசிய அசல் பூச்சு. ஊரில் பழைய வெள்ளிக் காசைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி, 'இப்போது நல்ல விலை வரும்' என்று கொண்டுபோய் ஏமாந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். துப்பாக்கியும் அப்படித்தான். மணல் தாளால் தேய்த்துப் புதிதாகப் பூசினால் விலை பாதியாக விழும். இரண்டாவது, உடம்பிலும் உருளையிலும் உள்ள நம்பர்கள் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்றாவது, யாரும் கை வைத்திருக்கக் கூடாது. யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்காவுக்குப் போன வெப்லிகளுக்கு அங்கே தோட்டா கிடைக்கவில்லை. உருளையின் பின்பக்கத்தை அரைத்துத் தங்கள் ஊர்த் தோட்டாவைப் போட்டார்கள். அப்படி அரைத்தவைக்கு இன்று மதிப்புக் குறைவு. அரைக்காமல் தப்பியவைக்கு மதிப்பு அதிகம்.

வயதும் விலையைத் தீர்மானிக்கும். ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி அல்ல. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1898 முடிவுக்குள் செய்தது பழம்பொருள். மத்திய அரசின் துப்பாக்கிச் சட்டம் அதைத் துப்பாக்கியாகவே கருதாது. 1899இல் செய்தது துப்பாக்கி! ஒரே ஒரு வருஷ வித்தியாசம். அதனால்தான் அங்கே வெப்லி இரண்டாம் மாதிரிக்கும் நான்காம் மாதிரிக்கும் அவ்வளவு ஆராய்ச்சி. இங்கே அந்தச் சட்டம் உங்களுக்கு ஓர் அணுவும் உதவாது.

அப்படியானால் கோடிக்கணக்கில் போனது எது? கதை உள்ள துப்பாக்கிகள். அமெரிக்காவில் 'பில்லி தி கிட்' என்ற கொள்ளைக்காரனை 1881இல் ஷெரிப் பாட் காரெட் சுட்டு வீழ்த்திய கோல்ட் ரிவால்வர், 2021இல் 60 லட்சம் அமெரிக்க வெள்ளிக்கு மேல் ஏலம் போனது. அதே சாயலில் உள்ள மற்றக் கோல்ட்டுகளுக்கு அந்த விலையில் ஒரு துளிதான் கிடைக்கும்.

பிரான்சில் நடந்தது இன்னும் வேடிக்கை. 1873 ஜூலை 10ஆம் தேதி, பிரெஞ்சுக் கவிஞர் வெர்லேன் குடிபோதையில் தன் நண்பர் ரேம்போவை பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் சுட்டார். மணிக்கட்டில் காயம். அன்று காலையில்தான் துப்பாக்கியைக் கடையில் வாங்கியிருந்தார். கடைக்காரர் பதிவேட்டில் நம்பர் 14096. பிற்காலத்தில் தனியார் ஒருவரிடம் இருந்த துப்பாக்கியிலும் அதே நம்பர்! 2016இல் அது 4,34,500 யூரோவுக்கு விற்றது. கடைக்காரர் எழுதி வைத்த ஒரு வரிக்குத்தான் அந்த விலை.

ஓவியர் வான்கோ 1890இல் தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்தாரே, அதே ஊர் வயலில் 1960 வாக்கில் ஒரு குடியானவர் துருப்பிடித்த சிறு ரிவால்வர் ஒன்றைக் கண்டெடுத்தார். அதன் வகையும், குண்டின் அளவும், மண்ணில் கிடந்த காலத்தைக் காட்டும் துருவும் அந்தச் சம்பவத்தோடு பொருந்தி வந்தன. அதுவேதான் என்று அறுதியிட்டுச் சொல்ல யாராலும் முடியவில்லை. கைப்பிடிக் கட்டைகூட இல்லாத, சுடவே முடியாத இரும்புத் துண்டு. 2019இல் பாரிசில் 1,62,500 யூரோவுக்கு ஏலம் போனது.

இதைப் படித்துவிட்டு யாராவது, கண்டெடுத்த ஒன்றைக் கைப்பேசியில் படம் பிடித்து 'இதற்கு என்ன விலை?' என்று நாலு பேருக்கு அனுப்பப் போகிறீர்களா? வேண்டாம். அந்தப் படமே உங்களுக்கு எதிரான சாட்சி. "நான் விற்றுத் தருகிறேன், முன்பணம் கொடுங்கள்" என்று வருகிற தரகனிடமும் பேச்சுக் கொடுக்க வேண்டாம். இந்த நாட்டில் உரிமம் இல்லாத ரிவால்வருக்குச் சட்டப்படி வாங்குகிறவனே கிடையாது. அதன் விலை பூஜ்யம்.

உங்கள் வீட்டில் இருப்பது வேறு

ஆனால் நாம் இதுவரை படித்தது வீண் போகவில்லை. உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் பழைய புகைப்படம் இருக்கிறதா? கீழங்கியும் தொப்பியுமாகத் துரை நடுவில் உட்கார, கிராணிமாரும் கங்காணிமாரும் சுற்றி நிற்கும் படம்? அல்லது தாத்தா ஸ்பெஷல் கான்ஸ்டபிள் உடையில் நிற்கும் படம்? எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பூதக்கண்ணாடியால் பாருங்கள்.

துரை இடுப்பில் உறையோடு துப்பாக்கி இருந்தால், அநேகமாக அது 1948க்கும் 1960க்கும் இடைப்பட்ட படம். உறைக்கு வெளியே தெரியும் கைப்பிடி கிளிமூக்கா, சதுரமா? குதிரைக்கு வால் தெரிகிறதா? கைப்பிடி அடியில் வளையமும் அதிலிருந்து தோளுக்குப் போகும் கயிறும் இருக்கின்றனவா? என்பீல்டு என்றால் 1932க்குப் பிந்தியது. 'விக்டரி' என்றால் 1942க்குப் பிந்தியது. படத்தின் பின்னால் தேதி எழுதாமல் போயிருந்தாலும் இப்படிக் காலத்தை ஓரளவு நெருங்கி விடலாம்.

தாத்தாவின் நியமனக் கடிதம், அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, பதக்கம் ஏதாவது கிடைத்தால் அவற்றையும் அந்தப் படத்தோடு ஓர் உறையில் போட்டு வையுங்கள். இவற்றை வைத்திருக்க உரிமம் வேண்டியதில்லை. பதக்கத்தின் விளிம்பைப் பாருங்கள். அதில் பொறித்திருக்கும் எண்ணும் பெயரும் வெர்லேன் துப்பாக்கியின் 14096 செய்த வேலையைச் செய்யும். தயவு செய்து பிராசோ போட்டுத் தேய்க்காதீர்கள். படத்தில் நிற்பவர்களின் பெயர்களைத் தெரிந்த பெரியவர் இன்னும் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே போய், யார் யார் என்று கேட்டு, மைப் பேனாவால் அல்ல, மெல்லிய பென்சிலால் படத்தின் பின்னால் எழுதி வையுங்கள்.